எட்டடி பேனரும் பதினாலு கன்டெய்னரும்

ஜூன் 8, 2025 – ஞாயிறு

இன்று ஆராதனையில் பாஸ்டர் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்லக்கூடாது.

கிறிஸ்டினா, பேத்தி. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். பி.எஸ்சி. நர்சிங். அயர்லாந்து தேசத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாம் வருடம். போன மாதத்திலிருந்து ஒரு வார்டுக்கே அவள்தான் பொறுப்பு. எங்கள் தெருவில் பாஸ்போர்ட் எடுத்த முதல் பெண்பிள்ளை.

பென்னி, பேரன், அவளுக்குத் தம்பி. பி.காம். ஒரு பேப்பரும் தவறவில்லை. இருபத்தேழு வயதில் கம்பெனி டைரக்டர். கார்டில் அவன் பேர் ஆங்கிலத்தில் பொன் எழுத்தில் இருக்கிறது. தடவினால் விரலில் தட்டும்.

இவர்கள் தாய் போனபோது அவளுக்கு ஆறு வயது, இவனுக்கு நாலு. என் மகன் ஸ்டீபன் அத்திப்பட்டு பவர் ஸ்டேஷனில் காண்டிராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் படுப்பான், எழுந்தால் போவான். வளர்த்தது நான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த ஹெலன். அடுத்தவர் கழனியில் முழங்கால் சேற்றில் நாற்று நட்ட ஹெலன்.

கோயில் வாசலிலேயே என் நாத்தனார் கங்கம்மா ஆரம்பித்தாள். "அம்மாம் பெரிய டைரக்டருக்கு ஆயா, இன்னாத்துக்கு அண்ணி எங்ககூட குந்திக்கினு குப்ப பிரிக்கிற?"

ஒரே குடோனில்தான் எனக்கும் அவளுக்கும் வேலை. பென்னி டைரக்டராக இருக்கிற அதே குடோன். என் சோற்றை நான் சம்பாதித்தால் இவளுக்கு என்ன?

அவளுக்கு வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. பென்னி டைரக்டர் ஆன அன்று தெருமுனையில் எட்டடி பேனர் கட்டினோம். கீழே சொந்தக்காரர்கள் வரிசையில் இவள் படம் தபால்தலை அளவுக்கு வந்துவிட்டதாம். இரண்டு வருடமாக அதையே சொல்லுகிறாள். அந்தப் பேனர் இப்போது எங்கள் பாத்ரூமுக்கு மறைப்பு. படம் தெருப்பக்கம் தெரிகிற மாதிரிதான் கட்டியிருக்கிறேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே குழாயடிக்குப் போகட்டும்.

ஜூன் 12

கப்பலில் வருகிற கட்டு ஒவ்வொன்றும் பீரோ உயரம். மேலே ஒட்டின சீட்டில் வேஸ்ட் பேப்பர் என்று இங்கிலீஷில் இருக்கும். அதை எழுத்துக் கூட்டி நானே படித்துவிடுவேன். கம்பியை வெட்டினால் காகிதம் பாதிதான். மீதி, குழந்தை கழித்த நாப்கின், நாய்த்தீனி டப்பா, பால் அட்டை, பல் பிரஷ், மருந்து ஊசி. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரிக்கிறோம். காகிதம் மில்லுக்குப் போகும். பிளாஸ்டிக் லாரி ஏறும். ஒன்றுக்கும் உதவாதது ஏரிக்கரையில் புகையாகும். அந்தப் புகை படிந்த துணியைத்தான் நாங்கள் கொடியிலிருந்து எடுத்துக் கட்டுகிறோம்.

மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் கிறிஸ்டினா வீடியோவில் வந்தாள். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்தாளாம். அந்த ஊர்ப் பெருமையை அவிழ்த்தாள்.

"ஆயா, இங்க குப்பைக்கு மூணு கலர்ல டப்பா. எல்லாத்தையும் கழுவி, காய வெச்சித்தான் போடணும். தெரியுமா?"

கழுவி! நான் எந்தக் கையால் சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இவள் கழுவி என்கிறாள். காலையில் பிரித்த கட்டில் விலாசம் போட்ட உறை ஒன்று கிடந்தது. எடுத்து போனுக்கு நேரே பிடித்தேன்.

"பாருடி, இது உன் ஊரு பேருதான? இந்தா, பக்கத்துல நாப்கினு. இதான் நீங்க கழுவின லட்சணம்."

"இன்னொரு வாட்டி காட்டு ஆயா" என்றாள். காட்டினேன். சீட்டு ஒட்டின கட்டையும் காட்டினேன். அவள் முகம் செத்துப்போனது. எனக்கு நன்றாக இருந்தது.

ஜூன் 13

முதலாளி மணவாளன் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே சத்தம். பிறகு, "டேய் டைரக்டரு, ஏழு டீ சொல்லிட்டு வா."

பென்னி போனான். டை கட்டிக்கொண்டு டீ சொல்லப் போனான். பாசத்தில் அப்படிக் கூப்பிடுவார். பாசம்தானே? அவருடைய டிரைவர் எதற்குச் சிரித்தான்?

திரும்பி வந்தவனிடம் ஒரு கத்தை தாள் நீட்டினார். கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். இன்னா ஏது என்று படித்தாயா என்று வீட்டில் கேட்டேன். "டைரக்டர் கையெழுத்து இருந்தாத்தான் ஆயா துறைமுகத்துலேந்து சரக்கு வெளிய வரும்" என்றான். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 27

இரண்டு வாரமாகக் கன்டெய்னர் வரவில்லை. வேலை இல்லை. முதலாளி திருப்பதி போயிருக்கிறாராம். பென்னி சாப்பிடுவதில்லை.

ஜூலை 3

இதை எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் குடோன் வாசலில், வேலை வருமா என்று நாங்கள் காத்திருக்கும்போது, இரண்டு ஜீப். சுங்க ஆபீசிலிருந்து வெங்கடேசன் என்கிற அதிகாரி, கூட நாலு பேர். துறைமுகத்தில் எங்கள் கம்பெனி பேருக்கு வந்த பதினாலு கன்டெய்னரைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். காகிதம் என்று எழுதி வீட்டுக் குப்பை. சரக்கு அனுப்பின நாட்டு ஆபீசிலிருந்தே தகவல் வந்ததாம், பிரித்துப் பார் என்று.

"கம்பெனி ஓனர் யாரு?" என்று கேட்டார். நாற்பது பேரும் மணவாளன் என்றோம். அவர் ஃபைலைப் பார்த்தார். "ரெக்கார்டுல அப்படி ஒரு பேரே இல்லையே. டைரக்டர் பென்னி. இறக்குமதி லைசென்ஸ் பென்னி. உள்ள குப்பை இல்லன்னு எழுதிக் கையெழுத்து போட்டதும் பென்னி."

மணவாளனின் டிரைவர் அங்கேயே நின்று வாய் கூசாமல் சொன்னான்: "மணவாளன் சாரா? அவரு எடத்துக்குச் சொந்தக்காரரு சார். வாடக வாங்கிக்குவாரு. அதோட சரி."

அதோட சரியா? தினம் தினம் எங்களை நாயே பேயே என்று ஏசினவன் வாடகைக்கு விட்டவனா? டேய்! என் பிள்ளையை டீ வாங்க அனுப்பினவன் யாருடா?

பென்னியை ஜீப்பில் ஏற்றினார்கள். டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூலை 7 – திங்கள்

திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஸ்டீபன் லீவு போட்டால் காண்டிராக்ட் போய்விடும், நான்தான் போனேன். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோதே வரிசை மரத்தடி வரைக்கும் வந்துவிட்டது. மனுவை நானே எழுதினேன். கைநாட்டு வைக்கிறவள் இல்லை நான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இரண்டு வரி படித்தான். "இது கஸ்டம்ஸ் கேசு. ரெண்டு நாட்டு விவகாரம். இங்க இன்னா பண்றது?" முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான்.

"மணவாளன்தான் மொதலாளின்னு கும்மிடிப்பூண்டியில ஆடு மாடுக்குக்கூட தெரியும் சார்."

"ஆடு மாடு வந்து சாட்சி சொல்லுமா? பேப்பர் இருந்தா குடு."

பேப்பர். பேப்பர். இருபது டன் பேப்பர் பிரித்த கை இது. எனக்கு வேண்டிய ஒரு பேப்பர் அதில் இல்லை.

ஜூலை 10

புழல் ஜெயிலுக்குப் போய்ப் பென்னியைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். "எல்லாருக்கும் சொல்லிட்டியா ஆயா?" என்று கேட்டான். ஊருக்கே தெரியும் என்று சொல்லவில்லை.

ஜூலை 13 – ஞாயிறு

கிறிஸ்டினா அழுதுகொண்டே போன் பண்ணினாள். மூன்று தடவை "ஆயா" என்றாள். பிறகு சொன்னாள்.

"நான்தான் ஆயா மெயில் போட்டேன். நீ காட்டினியே உறை, அந்தத் தெரு என் ஆஸ்பத்திரிக்குப் பின்னால. இங்க குப்ப ஏத்துமதிய பாக்குறதுக்குன்னே ஒரு ஆபீசு கீது. அங்க சொன்னேன். மணவாளனத்தான் புடிப்பாங்கன்னு நெனச்சேன். பென்னி பேருல எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பான்னு எனக்கு எப்படி ஆயா தெரியும்?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கூட பொறந்தவன ஜெயில்ல வெச்சிட்டு அங்க நல்லா கழுவிக்கினு இருடி." வைத்துவிட்டேன்.

நர்ஸ் உடுப்பில், வெள்ளைத் தொப்பியோடு அவள் படம் சுவரில் இருந்தது. எடுத்தேன். கிழித்தேன். நாலாக.

ஜூலை 16

குழாயடியில் யாரும் எனக்கு வழி விடவில்லை. நாற்பது பேருக்கும் வேலை போனதற்கு நான்தான் காரணமாம். என் பேத்தி எழுதின கடிதமாம். எப்படித் தெரிந்ததோ. கங்கம்மா இருக்கிற இடத்தில் எதுதான் மறையும்?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனரைக் காட்டி, "டைரக்டர் ஊட்டு பாத்ரூம் டோய்" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். சாயங்காலம் பேனரை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். படம் உள்பக்கம். தெருவுக்கு வெறும் வெள்ளை. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 17

விடிந்ததும் குளிக்கப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கண்ணைத் துடைத்தால் எதிரே மணவாளன்!

எட்டடியில் நாலடி அவன் மூஞ்சி. கூலிங் கிளாஸ், சந்தனம், கழுத்தில் செயின், கும்பிட்ட கை. என் பேரன் ஓரமாக, டையோடு, அவனுக்குப் பாதி. இரண்டு வருடமாக இந்த மூஞ்சி தெருவைப் பார்த்து இளித்தது. இன்று நான் குளிப்பதைப் பார்த்து இளிக்கிறது. வந்த ஆத்திரத்தில் சொம்புத் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் வீசினேன். இன்னொன்று. இன்னொன்று. தூசி கரைந்து ஓடியது. கீழே எழுத்து தெளிந்தது.

நனைந்த புடவையோடு நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

'டைரக்டராக உயர்ந்த எங்கள் பென்னிக்கு வாழ்த்துகள். வாய்ப்பளித்த எங்கள் முதலாளி, நிறுவனர், வள்ளல் மணவாளன் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!'

எங்கள் முதலாளி. நிறுவனர். கம்பெனி பேர் கூட இருக்கிறது. தேதி இருக்கிறது.

பேப்பர் கேட்டாயே. இந்தா.

ஜூலை 18

பேனரை அவிழ்த்துத் துடைத்துச் சுருட்டினேன். பாய் மாதிரி தோளில் வைத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் வரைக்கும் மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் ஒருத்தி, "மாநாட்டுக்கா ஆயா?" என்றாள். "ஆமாண்டி. என் தலைவன உள்ள போட போறேன்" என்றேன். பொன்னேரியில் ஏறினவள்தான், மீஞ்சூர் தாண்டுகிற வரைக்கும் சிரித்தாள்.

சுங்க ஆபீசில் வெங்கடேசன் சார் முதலில் முகம் கொடுக்கவில்லை. "பாட்டிம்மா, இது ரெண்டு நாட்டு வழக்கு. வீட்டுக் குப்பைய காகிதம்னு பொய் எழுதி இன்னொரு நாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு நாடுங்க எல்லாம் சேர்ந்து கையெழுத்து போட்டிருக்கு. அனுப்பின நாடு திருப்பி எடுத்துக்கணும். அதுக்கு அங்க வித்தவன் யாரு, இங்க வாங்கினவன் யாருன்னு ரெண்டு பக்கமும் கோத்துப் பாக்கணும். பேனரெல்லாம்…"

நான் கேட்கவில்லை. வராந்தாவில் விரித்தேன். நாலு பேர் நடக்க வழியில்லாமல் நின்றார்கள்.

உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். அந்த நாட்டு ஆபீசிலிருந்து கன்டெய்னர்களைச் சேர்ந்து சோதிக்க வந்தவளாம். வெயிலில் மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு ஏரிக்கரைப் புகை ஞாபகம் வந்தது.

"உங்க ஊரு கொழந்தைங்க மூத்தரத்த இந்தக் கையால பிரிச்சேன்மா. நாலு வருசம். உங்க ஊரு ஊசி குத்திச்சி, இந்த வெரலு மாசக்கணக்குல புண்ணு. உங்க நாட்டுல அடுக்கி வெக்க எடமா இல்ல?" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். வெங்கடேசன் சார் அதை இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். வணக்கம் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அதற்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை.

பிறகு அவள் பேனரில் இருந்த பெரிய முகத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். வெங்கடேசன் சார் நிமிர்ந்தார். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்.

"பாட்டிம்மா, அங்க வித்தவன் என்ன சொல்றான்னா, வாங்கினவர் நேர்லயே வந்தார், அம்பது வயசு இருக்கும், கழுத்துல செயின் போட்டிருந்தார்னு. உங்க பேரனுக்குப் பாஸ்போர்ட்டே இல்ல. இந்த மேடம் அந்த ஆளத்தான் தேடுறாங்க."

அவள் போனில் மணவாளன் மூஞ்சியைப் படம் பிடித்தாள். தள்ளி நின்று, கிட்டே வந்து, எழுத்தைத் தனியாக. மூன்று படம்.

எழுந்தபோது வெங்கடேசன் சார் கேட்டார். "உள்ள வர்றது காகிதம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாப்கின காகிதம்னு நெனைக்க நான் குருடியா?"

"அப்புறம் ஏன் நாலு வருஷமா யாருகிட்டயும் சொல்லல?"

"மொதல்ல ரெண்டு வருசம் வேல போயிடுமேன்னு சொல்லல. அப்புறம் ரெண்டு வருசம்… என் பேரன் டைரக்டர் சார்." அப்படித்தான் சொன்னேன். சொன்ன பிறகு அந்தச் சொல் என் காதிலேயே எப்படியோ விழுந்தது.

ஜூலை 20 – ஞாயிறு

இன்று கோயிலுக்குப் போகவில்லை. கங்கம்மா வீடு தேடி வந்தாள், சண்டைக்கு. பேனரில் படம் இருக்கிறவர்களையெல்லாம் ஆபீசில் விசாரிக்கப் போகிறார்களாம்.

"சாட்சின்னா கூப்புடுறாங்க, வாழ்த்துன்னா என் மூஞ்சி கண்ணுக்குத் தெரியல! நல்ல எடத்துல போடுன்னு ஸ்டூடியோ போய் எடுத்துக்கினு வந்து குடுத்தேன். மொதல்ல பெருசாத்தான் கீது. அப்புறம் உன் மொதலாளிதான் தன் மூஞ்சி சின்னதா கீதுன்னு கடைக்காரனுக்குப் போன் போட்டான். அவன பெருசாக்க எங்கள ஸ்டாம்பு ஆக்கிட்டாங்க."

"யாரு போன் போட்டது?"

"மணவாளன்தான்! நான் பக்கத்துல நின்னுக்கினு கீறேன். அச்சடிக்கிற சின்னதுரைக்கு வேற போட்டோ அனுப்பி, நிறுவனர்னு போடுன்னு எழுதியும் அனுப்பினான். உனக்கு மட்டும் தெரியாதாக்கும்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டு வருடம் இவள் இதைச் சொல்லச் சொல்ல, வயிற்றெரிச்சல் என்று காதை மூடிக்கொண்டேன்.

ஜூலை 22

சின்னதுரை கடைக்கு நானும் கங்கம்மாவும். அவன் போனில் பழையதெல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிக் கடைசியில் காட்டினான். மணவாளன் நம்பர். மணவாளன் படம். கீழே அவனே அனுப்பினது: 'எங்கள் முதலாளி, நிறுவனர்னு போடு. வள்ளல் சேத்துக்க. என் போட்டோ பெருசா.'

சின்னதுரை தரமாட்டேன் என்றான். தொழில் கெட்டுவிடும், அவருக்கு ஆள் இருக்கிறது, பேஜாரு. கங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "குடுக்கலன்னா நாளைக்கு உன் கட வாசல்லதான் எனக்கு நாஷ்டா, சோறு எல்லாம். என் மூஞ்சிய ஸ்டாம்பு ஆக்கினவன் நீதான."

கொடுத்தான்.

ஆகஸ்டு 9

பதில் இல்லை. சின்னதுரை கொடுத்ததை வெங்கடேசன் சாரிடம் சேர்த்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். கழுவினேன். யார் என்று கேட்கவில்லை. நாற்பது பேரில் என்னையும் கங்கம்மாவையும் கழித்தால் முப்பத்தெட்டு.

ஆகஸ்டு 21

வெங்கடேசன் சார் போன்.

அந்த ஊரில் மூன்று பேரிடம் படத்தைக் காட்டினார்களாம். மூன்று பேரும் இவர்தான் என்றார்களாம். கட்டுகளுக்கு நடுவில் நின்று அவர்களோடு மணவாளன் எடுத்துக்கொண்ட படம் ஒன்றும் அங்கே கிடைத்ததாம். அதே கூலிங் கிளாஸ். படம் எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது அவனால்.

"உங்க பேத்தியும் லீவு போட்டு அந்த ஆபீசுக்குப் போயிருக்காங்க பாட்டிம்மா. பேனர்ல இருக்கறத வரிவரியா அவங்கதான் படிச்சு எழுதிக் குடுத்தாங்க. ஒரு தடவை இல்ல, நாலு தடவை போயிருக்காங்க."

சரி சார் என்றேன்.

ஆகஸ்டு 26

மணவாளனைப் பிடித்துவிட்டார்கள். ஆந்திராவில் தடா ஊரைத் தாண்டி, சொந்தக்காரர் வீட்டில். திருப்பதியாம் திருப்பதி. பெருமாளுக்கே பட்டை நாமம் போட்டவன்.

செப்டம்பர் 4

பென்னிக்கு ஜாமீன். சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வழக்கிலிருந்து பேர் போகவில்லை. கையெழுத்து அவனுடையதுதானே. படிக்காமல் போட்டேன் என்றால் பி.காம். படித்தவன் சொல்லலாமா என்று ஜட்ஜ் கேட்டாராம். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது சரிதான். அதையும் எழுதி வைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இருக்கக்கூடாது. வேலூரில் தங்கி, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். "இப்ப படிச்சிட்டுத்தான் போடுறேன் ஆயா" என்றான். சிரித்தான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 17

பதினாலு கன்டெய்னரும் இன்று கப்பல் ஏறுகின்றன. வந்த வழியே போகின்றன. அந்த நாடே பொறுப்பெடுத்துக்கொண்டது. வெங்கடேசன் சார் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஒவ்வொரு கதவிலும் இரண்டு சீல், இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

கங்கம்மாவிடம் காட்டினேன். "போவட்டும் சனியன். இத்தினி நாள் நம்ம ஊர்ல பட்டது போதும்" என்றாள். பிறகு, "ஏரிக்கரையில எரிஞ்சது எந்தக் கப்பல்ல அண்ணி போவும்?" என்றாள். கன்டெய்னர் கதவு மூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், அதைக் கேட்டபிறகு படத்தை மூடிவிட்டேன்.

பேனர் கோர்ட்டில் இருக்கிறது, அரக்கு முத்திரையோடு. பாத்ரூமுக்குத் தகரம் அடித்தாயிற்று.

நவம்பர் 2 – ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் ஹெலன்மா என்று கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். சாணி கரைத்தவர்களும் இருந்தார்கள்.

பென்னி வேலூரில் ஒரு மெஸ்ஸில் பில் போடுகிறான் என்றேன். கிறிஸ்டினா நர்ஸ் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கங்கம்மா என்னையே பார்த்தாள். வெளியே வந்ததும், "இன்னா அண்ணி, இவ்ளோ சின்னதா முடிச்சிட்ட? என் மூஞ்சிதான் உன் பேரன வெளிய இட்டாந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். மீஞ்சூர் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். நாளைக்கு இரண்டு பேரும் போகிறோம்.

ஜூலையிலிருந்து கிறிஸ்டினா போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடிக்கிறாள். இன்றும் அடித்தாள். எடுத்தால் என்ன வரும் என் வாயில் என்று எனக்கே தெரியாது. அதனால் கடிதம் எழுத ஒரு தாள் எடுத்தேன். அதற்கு முன்னால், கிழித்த படத்தின் நாலு துண்டையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தேன். முகத்தில் கோடு விழுகிறது. தபாலில் அனுப்ப எழுதினதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கிறிஸ்டினாவுக்கு ஆயா எழுதுவது. நான் சௌக்கியம். பென்னி உன்னிடம் பேசுகிறானாமே, சொன்னான். நீ நாலு தடவை அந்த ஆபீசுக்குப் போனது எனக்குத் தெரியும். நான் நாலு வருடம் வாயைத் திறக்காதது உனக்கும் தெரியும். உன் படம் சுவரில் இல்லை. ஏன் என்று கேட்காதே. புதுசாக ஒன்று எடுத்துக் கழுவி, தபாலில் போடு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. தொப்பி வேண்டாம், உடுப்பு வேண்டாம், நீ இருந்தால் போதும். பெரிசாகவும் வேண்டாம். தபால்தலை அளவு இருந்தாலும் எனக்குத் தெரியும்.